வன்னி வீட்டுக் கணினியைத் தூரத்திலிருந்து திறப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீடு ஒட்டுசுட்டானுக்கு உள்ளே. எனக்கு வேலை கொழும்பில். அப்பாவின் உரக் கடைக் கணக்கு முழுவதும் வீட்டு மேசையில் இருக்கும் ஒரே ஒரு கணினியில் இருக்கிறது. அந்தக் கணக்கு மென்பொருளை வேறு எதிலும் போட முடியாது. மாதக் கடைசியில் கணக்கை முடித்துக் கொடுப்பது என் பொறுப்பு. அதற்காக ஐந்து வருடமாக அந்தக் கணினியைக் கொழும்பிலிருந்தே திறந்து வேலை செய்கிறேன். திறக்க முடியாமல் போன நாட்களும் நிறைய. அந்த அனுபவத்தைக் கேள்விப்பட்டுப் புதுக்குடியிருப்பு, மல்லாவி, நெடுங்கேணி, கிளிநொச்சிப் பக்கத்து வீடுகளின் பிள்ளைகள் என்னிடம் கேட்பார்கள். சிலர் கொழும்பில் இருக்கிறார்கள், சிலர் லண்டனிலும் டொரொண்டோவிலும். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டவற்றுக்கான பதில்கள் இவை. விண்டோஸ் கணினியை வைத்தே சொல்கிறேன். எங்கள் வீடுகளில் அதுதான் இருக்கிறது.

இணைப்பு வரவில்லை. எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது?

கரண்டிலிருந்து. அதற்குப் பிறகு ரவுட்டர், பிறகு கணினி, கடைசியில்தான் மென்பொருள். பெரும்பாலானோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். கடவுச்சொல்லை மாற்றுகிறார்கள், செயலியை அழித்துத் திரும்பப் போடுகிறார்கள். இரண்டு மணி நேரம் கழித்து வீட்டுக்கு எடுத்தால் "காலையில இருந்து கரண்ட் இல்லைத் தம்பி" என்கிறார் அம்மா.

தூரத்திலிருந்து திறக்க நீங்கள் பாவிக்கும் மென்பொருள் குரோம் ரிமோட் டெஸ்க்டொப், எனிடெஸ்க், டெயில்ஸ்கேல் என்று எதுவானாலும் வீட்டுக் கணினி இப்போது இணைப்பில் இருக்கிறதா இல்லையா என்று பட்டியலில் காட்டும். அதை முதலில் பாருங்கள். இணைப்பில் இல்லை என்று காட்டினால் கரண்ட் இல்லை, டேட்டா முடிந்துவிட்டது, கணினி தூங்குகிறது, பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்று. அந்த நேரத்தில் கடவுச்சொல்லைத் தொடவே வேண்டாம். இணைப்பில் இருக்கிறது, ஆனால் உள்ளே விடவில்லை என்றால்தான் விண்டோஸ் பக்கம் பார்க்க வேண்டும். இந்த ஒரு பிரிப்பு பாதி வேலையை மிச்சப்படுத்தும்.

டேட்டா முடிந்துவிட்டதா என்பதை மறக்காமல் கேளுங்கள். ரீலோட் போட மறந்த சிம்மை ரவுட்டரில் வைத்துக்கொண்டு இரவிரவாக விண்டோஸைக் குடைந்தவர்களை எனக்குத் தெரியும்.

வீட்டு வைஃபையில் இருக்கும்போது லப்டொப்பிலிருந்து நன்றாகத் திறக்கிறது. கொழும்புக்கு வந்தால் திறக்கவில்லை. ஏன்?

என்னிடம் அதிகம் வரும் கேள்வி இதுதான். இதைச் சரியாகப் புரிந்துகொண்டால் மற்றவை எல்லாம் சின்னச் சின்ன விஷயங்கள்.

வீட்டுக்குள் உங்கள் கணினிக்கு 192.168 என்று தொடங்கும் ஒரு முகவரியை ரவுட்டர் கொடுக்கிறது. அது அந்த வீட்டுக்குள் மட்டும் செல்லும். அதே எண் கிளிநொச்சியிலும் இருக்கும், கனடாவிலும் இருக்கும். கொழும்பிலிருந்து அதை அடித்தால் எங்கும் போகாது. இது பலருக்குத் தெரியும். உடனே இணையத்தில் தேடி, ரவுட்டரில் போர்ட் ஃபோவர்டிங் (வெளியிலிருந்து வரும் இணைப்பை வீட்டுக் கணினிக்குத் திருப்பிவிடுவது) செய்யப் பார்க்கிறார்கள். அதைச் சரியாகச் செய்தாலும் எங்கள் பக்கத்து வீடுகளில் பெரும்பாலும் வேலை செய்யாது. காரணம் ரவுட்டருக்கும் வெளியே இருக்கிறது.

உள் ஊர் வீடுகளில் பெரும்பாலும் ஃபைபர் இல்லை. சிம் போட்ட 4ஜி ரவுட்டர்தான். அந்த 4ஜி இணைப்புக்குக் கிடைப்பது பெரும்பாலும் உலகம் முழுவதற்கும் தெரிந்த பொது முகவரி இல்லை. ஐபி பதிப்பு 4 முகவரிகள் மொத்தமே ஏறத்தாழ 430 கோடி. எங்கள் ஆசியா பசுபிக் பகுதிக்கு அவற்றைப் பங்கிடும் ஏப்நிக், 2011 ஏப்ரலிலேயே தன் கடைசித் தொகுதிக்கு வந்துவிட்டது. ஆகவே இணையச் சேவை நிறுவனங்கள் ஒரு பொது முகவரிக்குப் பின்னால் மிகப் பல வீடுகளை வைக்கின்றன. இதற்குக் கரியர் கிரேட் நட் (Carrier-grade NAT) என்று பெயர்.

பழைய காலத்துக் கடிதத்தை நினைத்துப் பாருங்கள். உள் ஊர்களுக்குத் தபாற்காரர் வரமாட்டார்; எல்லாருடைய கடிதமும் சந்திக் கடை முகவரிக்கு வரும். நீங்கள் ஒரு கடிதம் அனுப்பியிருந்தால், "இது இன்னாருக்கு வந்த பதில்" என்று கடைக்காரர் எடுத்து வைப்பார். யாரோ தெரியாத ஒருவர் வீட்டுப் பெயரே போடாமல் கடை முகவரிக்கு ஒரு கடிதம் எழுதினால், அதை யாரிடம் கொடுப்பது? அது கடையிலேயே கிடக்கும். நீங்கள் கொழும்பிலிருந்து வீட்டைத் தட்டுவது அந்தப் பெயரில்லாக் கடிதம்தான். வீட்டிலிருந்து யூடியூப் பார்ப்பது நன்றாக நடப்பதற்குக் காரணம், முதல் கடிதம் உள்ளிருந்து வெளியே போனது.

எங்கள் இணைப்பும் அப்படிப்பட்டதுதானா என்று எப்படி அறிவது?

ஊரில் இருக்கும்போது ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து, அதில் வான் ஐபி (WAN IP) என்று காட்டும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அதே கணினியில் கூகிளில் "என் ஐபி முகவரி என்ன" என்று தேடி, வரும் தளம் ஒன்றில் காட்டும் எண்ணையும் பாருங்கள். இரண்டும் ஒன்றென்றால் உங்களுக்குப் பொது முகவரி இருக்கிறது. வேறு வேறு என்றால் நடுவில் சந்திக் கடை இருக்கிறது. ரவுட்டர் காட்டும் எண் 10 என்று தொடங்கினாலோ, 100.64 முதல் 100.127 வரைக்குள் இருந்தாலோ கேள்வியே இல்லை. பின்னது இந்த வேலைக்கென்றே 2012 இல் ஒதுக்கிய எண் வரிசை.

அப்படியென்றால் வழியே இல்லையா?

இருக்கிறது. கடிதம் வீட்டிலிருந்து வெளியே போக வேண்டும், அவ்வளவுதான். வீட்டுக் கணினியே எப்போதும் வெளியே ஓர் இணைப்பைப் பிடித்து வைத்திருக்கும் மென்பொருள்கள் இருக்கின்றன. நீங்களும் அதே இடத்துக்குப் போய்ச் சேர்ந்தால் இரண்டு பேரையும் அது கோர்த்துவிடும். ரவுட்டரில் ஒன்றையும் தொடத் தேவையில்லை.

சுலபமானது குரோம் ரிமோட் டெஸ்க்டொப். கூகிள் கணக்கு ஒன்றும் குறைந்தது ஆறு இலக்க இரகசிய எண் (பின்) ஒன்றும் போதும். எனிடெஸ்க், டீம்வியூவர், ரஸ்ட்டெஸ்க் எல்லாம் இதே வகை. ரஸ்ட்டெஸ்க் திறந்த மூல மென்பொருள்.

நான் பாவிப்பது டெயில்ஸ்கேல். அது இரண்டு கணினிகளையும் ஒரே வீட்டுக்குள் இருப்பதுபோல் சேர்த்துவிடும். அதற்கு மேல் விண்டோஸின் சொந்த ரிமோட் டெஸ்க்டொப்பை ஓடவிடுகிறேன். கணக்கு வேலைக்கு இது போல் வேகமும் தெளிவும் வேறெதிலும் எனக்குக் கிடைக்கவில்லை. ஆனால் இதில் இரண்டு குழிகள் இருக்கின்றன, இரண்டிலும் விழுந்திருக்கிறேன். ஒன்று, கணினிக்குள் யாரும் நுழையாத நிலையிலும் அது ஓட வேண்டும் என்ற தெரிவுக்குப் புள்ளடி போட வேண்டும். போடாவிட்டால் கரண்ட் போய் வந்த பிறகு கணினி எழும்பியிருக்கும், டெயில்ஸ்கேல் எழும்பியிருக்காது. மற்றது, ஒரு கணினிக்குக் கொடுத்த சாவி வழமையில் 180 நாளில் காலாவதியாகும். ஆறு மாதம் ஊருக்குப் போகாமல் இருந்தால் ஒரு காலை காரணமே இல்லாமல் வீட்டுக் கணினி காணாமல் போகும். நிர்வாகப் பக்கத்தில் அந்த ஒரு கணினிக்கு மட்டும் காலாவதியை நிறுத்தி வையுங்கள்.

எங்கள் வீடு வவுனியா நகரில், ஃபைபர் இருக்கிறது, பொது முகவரியும் இருக்கிறது. நேரடியாகப் போர்ட்டைத் திறந்துவிடலாமா?

வேண்டாம். விண்டோஸ் ரிமோட் டெஸ்க்டொப் பாவிக்கும் 3389 என்ற போர்ட்டை இணையத்துக்குத் திறந்தால், சில மணி நேரத்துக்குள்ளேயே உலகத்தின் எந்த மூலையிலிருந்தோ தானியங்கி நிரல்கள் கடவுச்சொல்லைப் போட்டுப் போட்டுப் பார்க்கத் தொடங்கும். எண்ணை மாற்றி வேறு போர்ட் வைத்தாலும் கண்டுபிடிப்பார்கள். 2019 மே மாதம் மைக்ரோசொஃப்ட் திருத்திய புளூகீப் என்ற ஓட்டை, கடவுச்சொல்லே இல்லாமல் உள்ளே வர விட்டது. அது எவ்வளவு பெரிய விஷயம் என்றால், ஆதரவு முடிந்துபோன விண்டோஸ் எக்ஸ்பிக்கும் சேர்த்துத் திருத்தம் வெளியிட்டார்கள். வீட்டுக் கணினியில் காணி உறுதியின் ஸ்கேன் பிரதி இருக்கும், வங்கிப் புத்தகத்தின் படம் இருக்கும், இடம்பெயர்வுக்குப் பிறகு எஞ்சிய நாலைந்து பழைய குடும்பப் படங்கள் இருக்கும். எங்கள் சனத்துக்கு ஒரு முறை எல்லாம் போன அனுபவம் இருக்கிறது. அவற்றைப் பூட்டிப் பணம் கேட்கும் ஒருவனுக்குக் கதவைத் திறந்து வைக்காதீர்கள். ஃபைபர் இருந்தாலும் மேலே சொன்ன வழியே நல்லது.

அமைப்புகளில் ரிமோட் டெஸ்க்டொப்பை இயக்கும் இடமே வரவில்லை.

உங்களுடையது விண்டோஸ் ஹோம் பதிப்பு. கடைகளில் வாங்கும் லப்டொப்களில் பெரும்பாலும் அதுதான் இருக்கும். ஹோம் பதிப்பிலிருந்து வேறு கணினிக்குள் போகலாம், ஹோம் பதிப்புக்குள் வர முடியாது. புரோ தேவை. அதற்காகக் காசு செலவழிக்க முன், குரோம் ரிமோட் டெஸ்க்டொப் ஹோம் பதிப்பிலும் வேலை செய்யும் என்பதை யோசியுங்கள். தடையை உடைக்கும் ஒட்டு நிரல்கள் இணையத்தில் கிடைக்கும். ஒவ்வொரு அப்டேட்டுக்கும் அவை முறியும், உள்ளே என்ன இருக்கிறதென்றும் தெரியாது. நான் யாருக்கும் போட்டுக் கொடுப்பதில்லை.

கரண்ட் போய் வந்தால் கணினி எழும்புவதில்லை. ஒவ்வொரு முறையும் அம்மாவை அழைத்து சுவிச் போடச் சொல்ல வேண்டியிருக்கிறது.

மேசைக் கணினி என்றால் இதற்கு நல்ல தீர்வு இருக்கிறது. கணினியைப் போட்டவுடன் டிலீட் அல்லது எஃப்2 விசையை அழுத்தினால் வரும் பயோஸ் அமைப்பில், மின்சாரம் போய்த் திரும்ப வந்தால் என்ன செய்வது என்று ஒரு தெரிவு இருக்கும். கணினிக்குக் கணினி அதன் பெயர் மாறும். "ஏசி பவர்" என்ற சொல்லைத் தேடினால் அகப்படும். அதைப் பவர் ஒன் (Power On) என்று வையுங்கள். பிறகு கரண்ட் வந்தவுடன் கணினி தானாக எழும்பும். மைய பிளக்கைக் கழற்றி, ஒரு நிமிடம் விட்டுத் திரும்பக் கொழுவி, உண்மையாகவே எழும்புகிறதா என்று கண்ணால் பார்த்துவிட்டு ஊரைவிட்டு வெளிக்கிடுங்கள். விண்டோஸ் தன் வட்டைப் பூட்டி வைக்கும் பிட்லொக்கர் உள்ள கணினி என்றால், பயோஸில் கை வைக்க முன் மீட்புச் சாவியை எழுதி எடுத்துக்கொள்ளுங்கள். சில கணினிகள் அதற்குப் பிறகு அதைக் கேட்கும்.

லப்டொப்பில் இந்தத் தெரிவு பெரும்பாலும் இருக்காது. ஆனால் பட்டரி நல்லதென்றால் இரண்டு மூன்று மணி நேர வெட்டைத் தாங்கும். தாங்காதது ரவுட்டர்தான். ரவுட்டருக்கென்று விற்கும் சின்ன 12 வோல்ட் யூபிஎஸ் (கரண்ட் போனால் தாங்கும் பட்டரி) ஒன்று வாங்கிக் கொழுவினால் அந்தக் கவலை குறையும். வாங்க முன் ரவுட்டரின் அடப்டரில் எழுதியிருக்கும் வோல்ட்டைப் பாருங்கள், எல்லாம் 12 இல்லை. 2022 மார்ச் கடைசியில் நாடு முழுவதும் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வெட்டினார்களே, அது மாதிரியான நாளில் இது எதுவும் உதவாது. போன் கோபுரத்தின் பட்டரியும் தீர்ந்து சிக்னலே போய்விடும். அன்றைக்குக் கணக்கு வேலையை விட்டுவிட்டு, அம்மாவின் போனில் சார்ஜ் இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள்.

கரண்ட் இருக்கிறது, டேட்டா இருக்கிறது, ஆனாலும் கொஞ்ச நேரத்தில் இணைப்பில் இல்லை என்று காட்டுகிறது.

கணினி தூங்கிவிட்டது. பவர் அமைப்பில், பிளக் செய்திருக்கும்போது தூங்கும் நேரத்தை ஒருபோதும் இல்லை என்று வையுங்கள். திரை அணையலாம், கணினி தூங்கக் கூடாது. லப்டொப் என்றால் மூடியை மூடும்போது ஒன்றும் செய்யாதே என்றும் வைக்க வேண்டும். தூசி படும் என்று அம்மாமார் மூடி, மேலே ஒரு துணியும் போட்டு வைப்பார்கள். துணி மட்டும் வேண்டாம் என்று சொல்லுங்கள், சூடு வெளியேற வேண்டும்.

தூங்கும் கணினியைத் தூரத்திலிருந்து எழுப்பும் வேக் ஒன் லேன் பற்றியும் கேட்கிறார்கள். அது அதே வீட்டு வலையமைப்புக்குள் இருக்கும் இன்னொரு கருவி அனுப்ப வேண்டிய செய்தி, கேபிள் கொழுவியிருந்தால்தான் நம்பலாம். வைஃபையில் இருக்கும் கணினிக்கு நான் அதை நம்பியதே இல்லை.

பல மாதம் நிறுத்தி வைத்திருந்த கணினியைப் போட்டோம். இணையம் வருகிறது, ஆனால் எந்தச் செயலியும் இணையவில்லை.

வலது பக்கக் கீழ் மூலையில் திகதியைப் பார்க்கச் சொல்லுங்கள். கணினிக்குள் காசு அளவில் ஒரு பட்டரி இருக்கிறது, சிஆர்2032 என்பார்கள். அது செத்துப்போனால் கரண்ட் போகும் ஒவ்வொரு முறையும் திகதி பல வருடம் பின்னால் போய்விடும். திகதி பிழை என்றால் பாதுகாப்புச் சான்றிதழ்கள் எல்லாம் செல்லாதவையாகத் தெரியும், எந்தச் செயலியும் தன் தலைமையகத்தை நம்பாது. திகதியைச் சரி செய்தவுடன் எல்லாம் ஓடத் தொடங்கும். பட்டரியை மாற்றுவது ஐந்து நிமிட வேலை. ஒரு நெடுங்கேணி வீட்டில் புது ரவுட்டர் வாங்கும் அளவுக்குப் போய்விட்டார்கள். திகதியைப் பார்த்த பிறகு அந்தக் காசு மிஞ்சியது.

கடவுச்சொல் சரி என்று உறுதியாகத் தெரியும். ஆனால் ரிமோட் டெஸ்க்டொப் ஏற்கவில்லை.

நீங்கள் அடிப்பது கடவுச்சொல்லா, பின் எண்ணா? வீட்டில் தினமும் நாலு இலக்கப் பின் எண் போட்டுத் திறப்பதால் அதுதான் கடவுச்சொல் என்று நினைத்துவிடுவோம். பின் எண் அந்தக் கணினியின் முன் இருப்பவருக்கு மட்டும். தூரத்திலிருந்து வருபவருக்கு மைக்ரோசொஃப்ட் கணக்கின் முழுக் கடவுச்சொல் தேவை, பெயர் இடத்தில் முழு மின்னஞ்சல் முகவரி. சில கணினிகளில் அந்தக் கடவுச்சொல்லை நேரே ஒரு முறையாவது அடித்து உள்ளே போயிருந்தால்தான் தூரத்திலிருந்தும் ஏற்கும். விண்டோஸ் 11 இல் ஹலோ (பின் எண், முகம், கைரேகை) முறையில் மட்டும் உள்நுழைய விடு என்ற தெரிவு இயங்கினால் கடவுச்சொல் அடிக்கும் இடமே வராது. முதலில் அதை நிறுத்துங்கள்.

கடவுச்சொல்லே வைக்காத கணக்கு என்றால் விண்டோஸ் வெளியிலிருந்து விடாது. அது நல்லதற்குத்தான். ஒன்று வையுங்கள்.

கிரெட்எஸ்எஸ்பி (CredSSP) என்று ஏதோ ஆங்கிலத்தில் வந்து நின்றுவிடுகிறது.

இரண்டு கணினிகளில் ஒன்று 2018க்குப் பிறகு அப்டேட் ஆகவே இல்லை. அந்த ஆண்டு மார்ச்சில் உள்நுழைவு முறையில் இருந்த ஓர் ஓட்டையை மைக்ரோசொஃப்ட் திருத்தியது. மே மாத அப்டேட்டிலிருந்து, திருத்தாத கணினியோடு இணைய மறுக்கிறது. பாதுகாப்பைக் குறைத்து இணையச் சொல்லும் வழி இணையத்தில் எங்கும் கிடைக்கும். அதைச் செய்யாமல் பழைய கணினியை அப்டேட் செய்யுங்கள். அப்டேட் டேட்டாவை நிறையத் தின்னும். இரவு டேட்டா உள்ள பக்கேஜ் என்றால் இரவில் ஓடவிடுங்கள். விண்டோஸ் 10 இன் வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது என்பதையும் நினைவில் வையுங்கள்.

இணைகிறது, ஆனால் கறுப்புத் திரை மட்டும்.

எனிடெஸ்க், குரோம் வகை என்றால் வீட்டில் மொனிட்டர் போட்டிருக்கிறதா என்று கேளுங்கள். மிச்சம் பிடிக்கிறேன் என்று மொனிட்டரின் சுவிச்சைச் சுவரிலேயே நூர்த்துவிட்டிருப்பார்கள். சில கணினிகள் மொனிட்டர் இல்லை என்று கண்டால் படத்தையே உருவாக்காது. மொனிட்டர் இருப்பதுபோல் காட்டும் சின்ன எச்டிஎம்ஐ முனை ஒன்று கொழும்பில் வாங்கலாம், கொழுவிவிட்டால் சரி. விண்டோஸின் சொந்த ரிமோட் டெஸ்க்டொப்புக்கு இந்தப் பிரச்சினை இல்லை, அது தனக்கென்று ஒரு திரையை உருவாக்கிக்கொள்ளும். அதில் கறுப்பு வந்தால் கொன்ட்ரோல், ஓல்ட், எண்ட் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். அங்கே கொன்ட்ரோல் ஓல்ட் டிலீட் அழுத்தியதற்குச் சமம். பெரும்பாலும் திரை திரும்பும்.

மிகவும் மெதுவாக இருக்கிறது. மவுஸ் அசைத்தால் அரை நிமிடம் கழித்துத்தான் அசைகிறது.

விண்டோஸ் ரிமோட் டெஸ்க்டொப் என்றால், இணைவதற்கு முன் அதன் தெரிவுகளில் எக்ஸ்பீரியன்ஸ் பக்கத்தில் பின்னணிப் படம், அசைவுகள் எல்லாவற்றின் புள்ளடியையும் எடுத்துவிடுங்கள். திரையின் அளவைக் குறையுங்கள். நேரமும் முக்கியம்: மாலை ஆறு முதல் பத்து வரை ஊர் முழுவதும் போனில் படம் பார்க்கும், ஒரே கோபுரத்தைத்தான் எல்லாரும் பங்கிடுகிறோம். டொரொண்டோவில் இருப்பவர்களுக்கு இது வசதி. அங்கே கோடையில் இரவு பத்து மணி என்றால் ஊரில் காலை ஏழரை, கோபுரம் சும்மா இருக்கும் நேரம்.

ரவுட்டரை ஜன்னலோரம் வைத்தாலே வித்தியாசம் தெரியும். எங்கள் வீட்டில் தகரக் கூரைக்குக் கீழ் நடு அறையில் இருந்ததை விறாந்தைப் பக்க ஜன்னலுக்கு மாற்றியதும் சிக்னல் ஒரு கோட்டிலிருந்து மூன்றானது.

நான் உள்ளே போனதும் வீட்டில் தங்கச்சியின் திரை பூட்டிக்கொள்கிறது. அவளுக்குச் சொல்லிக் கொடுக்கத்தான் போகிறேன்.

விண்டோஸ் ரிமோட் டெஸ்க்டொப் அப்படித்தான், ஒரு நேரத்தில் ஒருவர். இருவரும் ஒரே திரையைப் பார்க்க குவிக் அசிஸ்ட் பாவியுங்கள். விண்டோஸ் 10, 11 இல் ஹோம் பதிப்பிலும் கிடைக்கும். நீங்கள் ஓர் எண்ணை எடுத்துத் தங்கச்சிக்குச் சொல்ல, பத்து நிமிடத்துக்குள் அவள் அதை அடித்துச் சம்மதம் கொடுக்க வேண்டும்.

வீட்டுக் கணினியில் இருக்கும் பாமினி எழுத்துக் கோப்பைத் திறந்தால் எழுத்து எல்லாம் ஆங்கிலக் குழப்பமாக இருக்கிறது.

தூரத்துத் திரைக்குள்ளேயே திறந்தால் சரியாகத் தெரியும், ஏனென்றால் எழுத்துரு அந்தக் கணினியில் இருக்கிறது. உங்கள் லப்டொப்புக்கு இழுத்து வந்து திறந்தால்தான் குழம்பும். பாமினி, எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோட் முறை இல்லை. ஆங்கில எழுத்துகளின் மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்திய பழைய முறை. அந்த எழுத்துருவை இங்கேயும் போடலாம், அல்லது யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ளலாம்.

தட்டச்சு வேறு பிரச்சினை. ரிமோட் டெஸ்க்டொப் இணையும்போது உங்கள் பக்கத்து விசைப்பலகை அமைப்பை அங்கே கொண்டுபோகும். அங்கே நீங்கள் பழகிய ரெங்கநாதன் அமைப்பு போய் வேறொன்று வந்து நின்றால், தூரத்துத் திரையின் மொழிப் பட்டியலில் திரும்பத் தெரிவுசெய்யுங்கள்.

கடைப் பில்லை இங்கே பிரிண்ட் எடுக்கலாமா?

எடுக்கலாம். ரிமோட் டெஸ்க்டொப்பில் இணைவதற்கு முன், தெரிவுகளில் லோக்கல் ரிசோர்சஸ் பக்கத்தில் பிரிண்டருக்குப் புள்ளடி போடுங்கள்.

இடி மின்னல் நேரம் எல்லாவற்றையும் கழற்றிவிடுகிறார்கள். எப்போதும் போட்டு வைக்கச் சொல்லலாமா?

சொல்லாதீர்கள். கழற்றுவதுதான் சரி. சித்திரைப் பின்னேரங்களிலும் ஐப்பசியிலும் எங்கள் பக்கம் இடி விழும் விதம் தெரியும். வெட்டவெளி வயலுக்கு நடுவில் வீடு, பக்கத்தில் ஒரு பனை. சுவிச்சை நூர்த்தால் போதாது, பிளக்கையே கழற்ற வேண்டும். வெளியே அன்டெனா போட்டிருந்தால் அதன் வயரையும். அதுவும் இடி தூரத்தில் கேட்கத் தொடங்கும்போதே. தலைக்கு மேல் வந்த பிறகு வயரைத் தொடக் கூடாது. உங்கள் வேலை ஒரு நாள் பிந்தட்டும்.

வங்கியிலிருந்து கதைப்பதாகச் சொல்லி, எனிடெஸ்க் போடச் சொல்லி அம்மாவுக்கு அழைப்பு வந்தது.

திருடர்கள். இதே மென்பொருளை வைத்துத்தான் அவர்களும் வேலை செய்கிறார்கள். எந்த வங்கியும் போனிலோ கணினியிலோ அப்படி ஒன்றைப் போடச் சொல்லி அழைக்காது. ஏற்கெனவே போட்டு எண்ணையும் சொல்லிவிட்டார்கள் என்றால் முதலில் இணையத்தைத் துண்டிக்கச் சொல்லுங்கள், ரவுட்டர் பிளக்கைக் கழற்றினாலே போதும். போனில் போட்டிருந்தால் அதன் டேட்டாவையும் நூர்க்க வேண்டும். பிறகு வங்கி அட்டையில் அச்சிட்டிருக்கும் எண்ணுக்கு எடுத்துக் கணக்கை நிறுத்துங்கள். கணினிப் பாதுகாப்பைக் கவனிக்கும் இலங்கை சேர்ட் (Sri Lanka CERT) நிறுவனத்தின் 101க்கும் அறிவிக்கலாம். அம்மாவை ஏச வேண்டாம். அடுத்த முறை இப்படி ஒரு அழைப்பு வந்தால் பயப்படாமல் உங்களிடம் சொல்ல வேண்டும் அல்லவா?

எங்கள் வீட்டில் ஒரு ஒழுங்கு இருக்கிறது. கணினியில் எதையும் போடச் சொல்வது நானாக இருந்தாலும், என் குரல் போல இருந்தாலும், போனை வைத்துவிட்டு அம்மா என் எண்ணுக்குத் திரும்ப எடுத்த பிறகுதான் செய்வார்.

வீட்டில் இருப்பவர்களுக்குக் கணினி தெரியாது. போனில் எப்படிச் சொல்லிச் செய்விப்பது?

பெயர் சொல்லாதீர்கள், அடையாளம் சொல்லுங்கள். ரவுட்டர், அடப்டர், லேன் என்றால் அம்மாவுக்கு எல்லாம் ஒன்றுதான். நான் ஊருக்குப் போனபோது ரவுட்டர் பிளக்கில் சிவப்பு நாடா, கணினிப் பிளக்கில் மஞ்சள் நாடா, மொனிட்டரில் பச்சை நாடா சுற்றினேன். இப்போது, "அம்மா, சிவப்பைக் கழற்றி, இருபது எண்ணிப்போட்டுத் திரும்பக் கொழுவுங்கோ" என்றால் முடிந்தது. ரவுட்டர் நன்றாக வேலை செய்யும் நேரத்தில் அதன் விளக்குகளைப் போனில் ஒரு படம் எடுத்து வைத்திருக்கிறேன். பிழைக்கும்போது இன்னொரு படம் எடுத்து அனுப்பச் சொன்னால் இரண்டையும் ஒப்பிட்டு எனக்கே விளங்கும். "லைற் எரியுதோ" என்று பத்துக் கேள்வி கேட்கத் தேவையில்லை.

ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டும் சொல்லுங்கள். அவர் செய்து முடித்து "ஓம்" என்று சொன்ன பிறகு அடுத்தது. அடுப்பில் கறி இருந்தால் இறக்கிவிட்டு வரட்டும். எங்கள் அம்மா கணினியைத் தன் கையால் எழுப்பிய முதல் நாள், பிறகு எடுத்து, "நான்தான் போட்டனான், வேலை செய்யுதோ?" என்று கேட்டார். நாங்கள் தூரத்திலிருந்து திறக்கிறோம் என்று சொல்கிறோம். அந்தக் கதவுக்குப் பக்கத்தில் ஒருவர் நின்றுகொண்டே இருக்கிறார்.

அடுத்த வாரம் ஊருக்குப் போகிறேன். திரும்ப வெளிக்கிட முன் எதைச் சரிபார்க்க வேண்டும்?

மேலே சொன்ன பயோஸ், தூக்கம், திகதி, நாடா எல்லாம் முடிந்ததும், வீட்டு வைஃபையில் இருந்துகொண்டு சோதித்துவிட்டுப் பஸ் ஏறாதீர்கள். அது சோதனையே இல்லை, நீங்கள் இன்னும் வீட்டுக்குள் இருக்கிறீர்கள். போனில் வைஃபையை நூர்த்து, முடிந்தால் வேறு நிறுவனத்தின் சிம்மில், லப்டொப்புக்கு ஹொட்ஸ்பொட் கொடுத்து உள்ளே போய்ப் பாருங்கள். பிறகு வீட்டில் மைய சுவிச்சை ஒரு முறை நூர்த்துத் திரும்பப் போடச் சொல்லி, பத்து நிமிடம் கழித்துத் திரும்ப முயலுங்கள். யாரும் எதையும் தொடாமல் கணினி எழும்பி, உங்களை உள்ளே விட வேண்டும். நான் இதைப் படலையடி மதவில் இருந்து செய்வேன். பிழைத்தால் நடந்து வீட்டுக்குள் போய்ச் சரி செய்ய இரண்டு நிமிடம். மாங்குளத்தில் கொழும்பு பஸ்ஸுக்குள் ஏறிய பிறகு கண்டுபிடித்தால், அடுத்த லீவு வரை காத்திருக்க வேண்டும்.